இருபத்தைந்து சதம்

வரவு செலவுத் திட்ட உரையை இலக்கியக்காரர்கள் படிப்பதில்லை. அது கணக்கர்களின் காரியம் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் சுதந்திரத்துக்குப் பிந்திய இலங்கையில் முதன்முதலாக ஒரு பிரதமரைப் பதவியிலிருந்து இறக்கியது ஒரு இலக்கம்தான். 1953 ஜூலையில் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்த்தனா பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நிறுத்தப்பட்டது. புகையிரதக் கட்டணமும் தபால் கட்டணமும் ஏறின. ஓராண்டுக்கு முன்னர்தான் 25 சதத்தைக் காப்போம் என்று சொல்லி இதே கட்சி தேர்தலில் வென்றிருந்தது.

நிதியமைச்சரின் தர்க்கத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும் அரிசி வரவு நின்றது. கூப்பன் அப்போது வந்தது. யுத்தம் முடிந்தது, கூப்பன் போகவில்லை. கொரிய யுத்தம் றப்பர் விலையை ஏற்றியபோது அரசாங்கத்தின் கையில் காசு புரண்டது, உணவு மானியம் யாருக்கும் பாரமாகத் தோன்றவில்லை. 1952இல் றப்பரும் தேயிலையும் இறங்கின, இறக்குமதி அரிசி ஏறியது. மானியம் அரசின் செலவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தின்றது. அந்நியச் செலாவணி கரைந்தது. 1952 டிசம்பரில் சீனாவுடன் செய்த உடன்படிக்கையில் ஆண்டுக்கு 50,000 தொன் றப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்க ஏற்பாடாயிற்று. அதுவும் போதவில்லை. மானியத்தைக் குறைக்கும்படி உலக வங்கியின் தூதுக்குழு ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தது. ஏற்றுமதித் தீர்வையில் வாழும் ஒரு நாட்டின் நிதியமைச்சர், லண்டன் ஏலத்தில் தேயிலைக்கு என்ன விலை விழுகிறது என்பதைப் பார்த்துத்தான் காலி மீனவனின் சோற்றைத் தீர்மானிக்க முடியும். நமது பொதுநிதியின் அடிப்படை விதி இது. இதை எந்த உரையும் வெளிப்படையாகச் சொன்னதில்லை.

(அந்தத் தேயிலையைப் பறித்தவர்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தமும் அவர்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்திருந்தன. மானியத்துக்கான வரி அவர்களின் உழைப்பிலிருந்து வந்தது. விலையை ஏற்றுகையிலோ இறக்குகையிலோ எந்தக் கட்சியும் அவர்களை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. 1974இல் தானியம் அருகியபோது தோட்டங்களில் சாவு கூடியது; அதனால் எந்த அரசாங்கமும் விழவில்லை.)

ஆகஸ்ட் 12, ஹர்த்தால். இடதுசாரிக் கட்சிகள் அழைத்தன, தமிழரசுக் கட்சி ஆதரித்தது. மேற்கு, தெற்குக் கரையோரத்தில் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, தந்திக் கம்பிகள் அறுக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் மனிதர் இறந்தனர். துறைமுகத்தில் நின்ற பிரித்தானிய போர்க்கப்பல் ஒன்றில் அமைச்சரவை கூடிற்று. சுதந்திரம் பெற்று ஐந்தரை ஆண்டுகளில் ஓர் அமைச்சரவை தன் தலைநகரைக் கப்பல் தட்டிலிருந்து பார்த்த காட்சியை நமது புனைகதைக்காரர் எவரும் எழுத முன்வராதது எனக்கு இன்றும் வியப்பு. ஒக்டோபரில் டட்லி சேனநாயக்கா விலகினார். சேர் ஜோன் கொத்தலாவலை வந்ததும் விலை 55 சதத்துக்கு இறங்கியது. பின்வந்த அரசுகள் மேலும் இறக்கின.

அதன் பிறகு கால் நூற்றாண்டு அந்தக் கொத்தைத் தொட அஞ்சியவர்களின் வரலாறுதான். 1962இல் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கா அளவைக் குறைக்கப் பார்த்தார். சொந்தக் கட்சியே எதிர்த்தது, நிதியமைச்சர் பதவியை விட்டார். 1966இல் டட்லி இன்னொரு வழி கண்டார். இரண்டு கொத்தை ஒன்றாக்கி, அந்த ஒன்றை இலவசமாகக் கொடுத்தார். 1970 தேர்தலில் மற்றக் கொத்தையும் தருவோம் என்றவர்கள் வென்றார்கள். ஹர்த்தாலின் தலைவர்களில் ஒருவரான என்.எம். பெரேரா நிதியமைச்சரானார். 1973இல் உலகச் சந்தையில் தானிய விலை எகிறியபோது பங்கீட்டைக் குறைக்கும் அறிவிப்பு அவர் இருந்த அரசாங்கத்திடமிருந்தே வந்தது. இதைத் துரோகம் என்று எழுதுவது சுலபம். எதிர்க்கட்சி ஆசனத்தில் இருந்தபோது அவர் எண்ணியது சனங்களை. நிதியமைச்சில் அவர் முன் இருந்தது செலாவணிக் கையிருப்பு. இரண்டும் உண்மையான எண்கள்.

1977இல் 168 ஆசனங்களில் 140 ஐ வென்று பழைய நிதியமைச்சர் திரும்பி வந்தார். ஐம்பத்துமூன்றை யாரும் மறந்திருக்கலாம், அவர் மறந்திருக்க நியாயமில்லை. இந்தமுறை கொத்தின் விலையை ஓரிரவில் மூன்று மடங்காக்கும் வேலை நடக்கவில்லை. 1978 தொடக்கத்தில், மாதம் 300 ரூபாவுக்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு மட்டும் பங்கீடு என்றானது. சனத்தொகையில் பாதி வெளியே போயிற்று. வெளியே போனவர்களில் குரல் உள்ளவர்கள் அதிகம். ஆனால் கையில் காசும் கொஞ்சம் இருந்தது. 1979 செப்டெம்பரில் அரிசி போய் உணவு முத்திரை வந்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவருக்கு மாதம் 15 ரூபா, எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 25.

கொத்து என்பது அளவு. கடைக்காரன் அதை அளந்து கொடுத்தான், குறைத்தால் கண்ணுக்குத் தெரிந்தது. ரூபா அப்படியல்ல. முத்திரையில் அச்சிட்ட இலக்கத்தை யாரும் மாற்றவில்லை. விலைவாசிதான் ஏறியது, மூன்றே ஆண்டுகளில் முத்திரையின் வாங்கும் சக்தி கிட்டத்தட்டப் பாதியாயிற்று. எழுபதுகளின் நடுவில் தேசிய உற்பத்தியில் ஏறக்குறைய 5 சதவீதமாக இருந்த உணவு மானியம் எண்பதுகளின் நடுவில் 1 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. 45 சதத்தைக் கூட்டப்போய் ஓர் அரசாங்கம் தடுமாறிய நாட்டில், அதைவிடப் பெரிய வெட்டு எந்த வரவு செலவுத் திட்ட நாளிலும் அறிவிக்கப்படாமலே நிறைவேறியது. எந்தத் திகதியில் ஹர்த்தால் வைப்பது?

பொருளாதார வரலாற்றாசிரியர்கள் சிலர் இதைச் சீர்திருத்தத்தின் வெற்றிக் கதையாகச் சொல்வதுண்டு. தந்திரம் மட்டுமே வேலைசெய்தது என்று நான் சொல்ல வரவில்லை. 1980 ஜூலையில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களில் நாற்பதாயிரம் பேரளவில் வேலை இழந்தனர். தெருவுக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதும் காட்டப்பட்டிருந்தது. வாய்பேசாத இலக்கத்துக்குப் பின்னால் பேசக்கூடிய பொலிஸ் நின்றது.

அதே 1980இல் முத்திரைக்குப் புதிய பெயர்கள் பதிவது நிறுத்தப்பட்டது. சில ஆண்டுகளுக்கு, அதன் பின் பிறந்த குழந்தைக்கு அந்த ஏட்டில் இடமில்லை.