எகிப்திய மம்மியில் மிளகு: ஆவணப்படங்கள் கூறுவதும் சான்றுகள் காட்டுவதும்

திருவனந்தபுரம்: எகிப்தியக் கல்லறைகள் குறித்த ஆவணப்படங்களில் பொற்பொருட்களும் மம்மிகளுமே முதலிடம் பெறுகின்றன. கேரளத்தை அவற்றுடன் இணைக்கும் பொருளோ மிளகு.

கி.மு. 1213இல் மறைந்த மன்னர் இரண்டாம் ராம்செஸின் மம்மி, சிதைவிலிருந்து காப்பதற்காக 1976இல் பாரிஸ் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டது. அதன் மூக்கினுள் கருமிளகு வைக்கப்பட்டிருந்தது ஆய்வில் தெரியவந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதி மிளகின் தாயகம் என்பதால், அது தென்னிந்தியாவிலிருந்து சென்றதாகக் கருதப்படுகிறது.

எனினும், நேரடிக் கடல் வணிகத்தைக் காட்டும் சான்றுகள் அதற்கு ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் பிற்பட்டவை. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில், இந்தியாவில் செய்யப்பட்ட சாடி ஒன்றில் சுமார் 7.5 கிலோ மிளகு கிடைத்தது. அது கி.பி. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தற்போது வியன்னாவில் உள்ள கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஆவணம், முசிறி வணிகத்தில் ஈடுபட்ட ஹெர்மாபொல்லோன் என்னும் கப்பலின் சரக்கு மதிப்பைக் குறிப்பிடுகிறது.

திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள வரலாற்று ஆராய்ச்சி கவுன்சில், எர்ணாகுளம் மாவட்டத்திலுள்ள பட்டணத்தில் 2007 முதல் அகழாய்வு மேற்கொண்டது. மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்த ஆம்போரா சாடிகளின் துண்டுகள் அங்கு ஏராளமாகக் கிடைத்தன. பட்டணமே பண்டைய முசிறி என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அதை ஏற்காதவர்களும் உள்ளனர்.

ஆகவே, ராம்செஸ் காலத்து மிளகையும் முசிறி வணிகத்தையும் இடைவெளியற்ற ஒரே வரலாறாகக் காட்டும் படங்களைக் கவனத்துடன் அணுக வேண்டும். மிளகு எகிப்தை அடைந்தது உறுதி. அக்காலத்திலேயே கப்பல்கள் நேரடியாகச் சென்றன என்பதற்குச் சான்று இல்லை.