சான்றாளரிடமிருந்து விரல்நுனிக்கு: கைரேகை அடையாள முறையின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

உடற்கூறுகளைக் கொண்டு ஒருவரை இனங்காணும் முறைகளுள் கைரேகை மிகப் பரவலானது. குற்றப் புலனாய்வுக்கெனத் தோன்றியதாகப் பொதுவாகக் கருதப்படும் இம்முறை, வங்காளத்தில் வணிக ஒப்பந்தம் ஒன்றில் தொடங்கி ஓய்வூதியம், பத்திரப்பதிவு, சிறை, காவல், குடியேற்றக் கட்டுப்பாடு எனப் பரவியது. இப்பரவலின் ஒவ்வொரு கட்டத்திலும் ரேகையைத் தருபவருக்கும் அதை வைத்திருப்பவருக்கும் இடையிலான உறவு எவ்வாறு மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஓர் அடையாள முறையை மதிப்பிடத் துல்லியம் மட்டும் போதாது. இசைவும், தந்ததை மீட்கும் உரிமையும் அளவுகோல்களாக வேண்டும் என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: கைரேகை, தற்குறி, ஹென்றி வகைப்பாடு, டிரான்ஸ்வால், ஆதார்

முன்னுரை

தமிழில் 'தற்குறி' என்னும் சொல் எழுதத் தெரியாதவர் கையொப்பத்துக்கு மாற்றாக இடும் குறியையும், அக்குறியை இடுபவரையும் சுட்டும். 'கைநாட்டு' என்னும் சொல்லும் இவ்வாறே செயலிலிருந்து ஆளுக்குப் பெயராகி, இன்று ஏளனச் சொல்லாகவும் வழங்குகிறது. எனினும் பழைய ஆவண மரபில் தற்குறி தனித்து நிற்கவில்லை. குறியிட்டவர் இன்னார் என்று அறிந்த ஒருவர் அதற்குச் சான்று நின்றார். நிலவிற்பனையைப் பதிவு செய்யும் கல்வெட்டுகளின் இறுதியில் ஒப்பமிட்டோர் பெயர்கள் வரிசையாக இடம்பெறுவதும் இம்மரபைச் சார்ந்ததே. ஒருவரின் அடையாளத்தை அவரை அறிந்தோரின் சொல்லே உறுதி செய்தது. கைரேகை முறை இச்சான்றாளரை விலக்கி, அவரிடத்தில் உடலை நிறுத்தியது. அதன் விளைவுகளை வரலாற்று நிலையில் காண்பது இங்கு நோக்கமாகும்.

ஒப்பந்தமும் ஓய்வூதியமும்

1858ஆம் ஆண்டு வங்காளத்தின் ஜங்கிப்பூரில் பணியாற்றிய வில்லியம் ஜேம்ஸ் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, சாலைக்குச் சரளை வழங்க ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் முழுக்கைப் பதிவை ஒப்பந்தத்தில் பெற்றார். ரேகைகள் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்ற அறிவு அப்போது அவரிடம் உருப்பெறவில்லை. பின்னாளில் தம் கையொப்பத்தைக் கோனாய் மறுக்கத் துணியாதவாறு அச்சுறுத்துவதே நோக்கம் என்பதை 1916இல் வெளியிட்ட நூலில் ஹெர்ஷலே பதிவு செய்துள்ளார். எனவே முறையின் தொடக்கத்தில் இருந்தது அறிவியல் அன்று; மற்றவர் சொல்லின்மீது கொண்ட ஐயமே.

1877இல் ஹூக்ளி மாவட்ட நீதித்துறை நடுவராக இருந்தபோது ஹெர்ஷல் இதனை மூன்று இடங்களில் பயன்படுத்தினார். இறந்தவர் பெயரில் பிறர் ஓய்வூதியம் பெறுவதைத் தடுக்கவும், பதிவுசெய்த பத்திரத்தைப் பின்னர் மறுப்பதைத் தடுக்கவும், தண்டனை பெற்றவருக்குப் பதிலாக வேறொருவர் சிறை புகுவதைத் தடுக்கவும் அது உதவியது. இம்மூன்றும் ஒருவர் 'நான் இன்னார்' என்று கூறுவதைச் சரிபார்க்கும் பயன்பாடுகள். முன்பின் அறியாத ஒருவரை ஆயிரக்கணக்கானோரிடையே தேடிக் கண்டறிவது இவற்றினும் வேறான பணி. அதற்கு வகைப்பாடு தேவைப்பட்டது.

மருத்துவரின் பார்வையும் காவலரின் வகைப்பாடும்

தோக்கியோவின் மருத்துவமனையொன்றில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர் ஹென்றி ஃபால்ட்ஸ், குற்றம் நிகழ்ந்த இடத்தில் காணப்படும் ரேகைகளால் குற்றவாளியைக் கண்டறியலாம் என 1880இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். 1892இல் பிரான்சிஸ் கால்டன் ரேகைகளின் நிலைத்தன்மையையும் தனித்தன்மையையும் நூலாக விளக்கினார். அக்காலத்தில் வங்காளக் காவல்துறை, பாரிஸ் நகரின் அல்போன்ஸ் பெர்த்தியோன் வகுத்த உடலளவு முறையைப் பின்பற்றி வந்தது. அளப்பவர் மாறினால் அளவும் மாறியது அம்முறையின் குறை.

வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்டு ஹென்றியின் கீழ்ப் பணியாற்றிய அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் ஆகியோர் இச்சிக்கலைத் தீர்த்தனர். பத்து விரல்களையும் ஐந்து இணைகளாக்கி, சுழி அமைந்த விரல்களுக்கு இணையின் வரிசைப்படி 16, 8, 4, 2, 1 என மதிப்பளித்து, தொகுதி, பகுதி இரண்டையும் தனித்தனியே கூட்டி ஒவ்வொன்றுடனும் ஒன்றைச் சேர்த்தனர். இவ்வாறு 32க்கு 32 என 1,024 பிரிவுகள் கிடைத்தன. ஒரு ரேகைத் தாளைத் தேட அதற்குரிய பிரிவை மட்டும் பார்த்தால் போதும் என்றாயிற்று. 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு செயற்பட்டது. 1901இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டு இம்முறையை ஏற்றது. இந்திய அலுவலர் இருவரின் உழைப்பில் உருவான அது உலகெங்கும் 'ஹென்றி முறை' என்றே பெயர்பெற்றது. அடையாளத்தை நிறுவும் முறையே தன்னை உருவாக்கியோரின் அடையாளத்தை மறைத்தது குறிப்பிடத்தக்கது.

1898இல் ஜல்பைகுரி தேயிலைத் தோட்ட மேலாளர் கொலையுண்ட வழக்கில், பஞ்சாங்கம் ஒன்றில் படிந்த ரேகை, முன்பு திருட்டுக்காகத் தண்டனை பெற்ற பணியாளரின் ரேகையுடன் பொருந்தியது. நீதிமன்றம் அவரைத் திருட்டுக்காக மட்டுமே தண்டித்தது. கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அங்கு இருந்தார் என்பதற்கு ரேகை சான்றாகலாம். என்ன செய்தார் என்பதற்குத் தானே சான்றாகாது என்னும் வேறுபாடு தொடக்கத்திலேயே உணரப்பட்டிருந்தது.

டிரான்ஸ்வாலில் எழுந்த வினா

போயர் போர்க் காலத்தில் டிரான்ஸ்வாலின் காவல் நிருவாகத்தைச் சீரமைக்க ஹென்றி 1900இல் தென்னாப்பிரிக்கா அனுப்பப்பட்டார். அவருடன் கைரேகை முறையும் சென்றது. 1906இல் வெளியான ஆசியர் சட்டத்திருத்த வரைவு, எட்டு வயதுக்கு மேற்பட்ட ஆசியர் அனைவரும் ரேகை பதிந்து சான்றிதழ் பெறவேண்டும் என்றது. சட்டப்படி ரேகை கேட்கப்படுவது குற்றவாளிகளிடம் மட்டுமே என்பதை ஹென்றியின் நூலைக் கொண்டே காந்தி சுட்டிக்காட்டினார். 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய இந்தியர்கள் இதனை ஏற்பதில்லை என உறுதிபூண்டனர்.

1908 சனவரியில் ஏற்பட்ட உடன்பாட்டுக்கான கடிதத்தில் காந்தி, சீனர் தலைவர் லியுங் குவின், மொரிசியசில் பிறந்த தமிழர் தலைவர் தம்பி நாயுடு ஆகியோர் ஒப்பமிட்டனர். சட்டக் கட்டாயம் இன்றித் தன்விருப்பில் பதிவது என்பது அதன் சாரம். இதனைத் துரோகமெனக் கருதிய மீர் ஆலம் என்பவர் பிப்ரவரி 10 அன்று காந்தியைத் தாக்கினார். தடுக்க முயன்ற தம்பி நாயுடுவும் காயமுற்றார். அந்நிலையிலும் காந்தி ரேகை பதிந்தார். எதிர்ப்பு ரேகைக்கன்று, கட்டாயத்துக்கே என்பது அவர் நிலைப்பாடு.

ஆனால் கட்டாயச் சட்டம் நீக்கப்படவில்லை. தன்விருப்பில் அளித்த விண்ணப்பங்களைத் திரும்பக் கோரித் தொடுத்த வழக்கும் வெற்றி பெறவில்லை. 1908 ஆகஸ்டு 16 அன்று ஹமீதியா மசூதித் திடலில் சான்றிதழ்கள் எரிக்கப்பட்டன. எரிந்தவை இந்தியர் கையிலிருந்த தாள்களே; பதிவகத்தில் இருந்த ரேகைகள் அல்ல. தொடர்ந்த போராட்டத்தில் தமிழர் பலர் சிறையும் நாடுகடத்தலும் ஏற்றனர். சுவாமி நாகப்பன் 1909இல் சிறையிலிருந்து வெளிவந்த சில நாட்களில் உயிரிழந்தார்.

சமகாலத் தொடர்ச்சி

ஹெர்ஷலின் மூன்று பயன்பாடுகளும் இன்று மின்னணு வடிவில் தொடர்கின்றன. பத்து விரல் ரேகை, இரு கருவிழி, முகப்படம் ஆகியவற்றின் அடிப்படையில் 12 இலக்க ஆதார் எண் வழங்கப்படுகிறது. ஓய்வூதியர் உயிருடன் இருப்பதை மின்னணு முறையில் மெய்ப்பிக்கும் 'ஜீவன் பிரமாண்' 2014இல் தொடங்கியது. இது 1877ஆம் ஆண்டு ஹூக்ளி நடைமுறையின் நேர்வழித் தோன்றல். எனினும் கடும் உடலுழைப்பால் ரேகை தேய்ந்தோர், முதியோர், தொழுநோயால் விரல் இழந்தோர் ஆகியோருக்கு விரல்நுனி சான்றாவதில்லை. உதவித்தொகையும் மருத்துவமும் மிகுதியாகத் தேவைப்படுவோர் இவர்களே. கருவிழி, முகம் போன்ற மாற்றுவழிகளும், உடற்கூறு விலக்குடன் பதிவு செய்யும் ஏற்பாடும் இதனாலேயே தேவையாயின.

2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஆதார் சட்டத்தைப் பெரும்பான்மைத் தீர்ப்பால் ஏற்றபோதும், தனியார் நிறுவனங்கள் ஒப்பந்த அடிப்படையில் அதனைக் கோர இடமளித்த பகுதியை நீக்கியது. 2019 திருத்தம் வங்கி, தொலைபேசிச் சேவைகளில் தன்விருப்பப் பயன்பாட்டை அனுமதித்தது. சிறுவயதில் பதிவுசெய்யப்பட்டோர் 18 வயது நிறைந்தபின் ஆறு மாதங்களுக்குள் தம் எண்ணை நீக்கக் கோரலாம் என்றும் அது வகைசெய்தது. தந்ததை மீட்கும் உரிமை இவ்வாறு ஒரு பிரிவினர்க்கு மட்டும் ஏற்கப்பட்டுள்ளது.

முடிவுரை

சான்றாளர் தவறலாம், விலைபோகலாம். ஆனால் அவரைக் குறுக்கு விசாரணை செய்ய இயலும். ரேகை பொய்யுரைப்பதில்லை, ஆயினும் பொருந்தாதபோது தன் உரிமையாளருக்காகப் பரிந்து பேசவும் அதனால் இயலாது. எனவே உடல் சான்றாகும் இடங்களில், மறுக்கப்பட்டவரை அறிந்தோர் சான்று நிற்கும் வழி திறந்திருத்தல் வேண்டும். ஜங்கிப்பூரில் கையைப் பதித்தவரிடம் இசைவு பற்றி எவரும் வினவவில்லை. டிரான்ஸ்வால் இந்தியர் அவ்வினாவை எழுப்பினர். இசைந்து தந்ததையும் மீட்க இயலாது என்பதை அனுபவத்தில் கண்டனர். அடையாளத் தொழில்நுட்பங்களின் தமிழ்ச் சமூக வரலாற்றை எழுதுவோர் தொடங்கவேண்டிய புள்ளி அதுவே.