குரோம்பேட்டை: பெயரிலேயே இருக்கும் நஞ்சு

தாம்பரம் மின்சார ரயிலில் தினமும் ஓர் உலோகத்தின் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் எடுக்கிறோம். குரோம்பேட்டையின் 'குரோம்' என்பது குரோமியம். ஜி.ஏ. சேம்பர்ஸ் 1912-ல் நிறுவிய குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர் அது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடுதலைச் சோதித்திருந்தார். இந்த இருவரையும் உள்ளூர் வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. தொட்டிக்குள் கைவிட்டவர்களை அல்ல.

ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் ஊற வேண்டிய தோல், குரோமில் ஓரிரு நாளில் பதமாகிவிடும். தொடக்கக் காலத்தில் உலகெங்கும் புழங்கிய இரட்டைத் தொட்டி முறையில், தோலை முதலில் அமிலம் கலந்த டைகுரோமேட்டில் ஊறவைத்து, பிறகு ஹைப்போவில் போடுவார்கள். டைகுரோமேட்டுக்குக் கையில் ஒரு சின்னக் கீறல் போதும். அதன் வழியே இறங்கி வட்டமான குழிப்புண்ணாக்கிவிடும். அதன் துகளும் சாரலும் மூக்கின் நடுச்சுவரை அரித்து ஓட்டை போடும். பெரும்பாலும் வலிக்காது என்பதுதான் கொடுமை. பின்னாளில் வந்த ஒற்றைத் தொட்டி முறையில் இந்த ஆபத்து குறைந்தது. சரும ஒவ்வாமை தொடர்ந்தது. பச்சைத் தோலோடு வரும் ஆந்த்ராக்ஸ், கழிவுத் தொட்டியில் எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு ஆகியவை தனிக்கதை.

இவை எதுவும் சட்டத்துக்குத் தெரியாதவை அல்ல, தோழர்களே. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம் ஆந்த்ராக்ஸையும் குரோம் புண்ணையும் அறிவிக்க வேண்டிய நோய்களாகப் பட்டியலிட்டது. அதன் 89-ஆம் பிரிவின்படி ஆலை நிர்வாகம் மட்டுமல்ல, வைத்தியம் பார்த்த மருத்துவரும் அரசுக்குத் தகவல் தர வேண்டியிருந்தது. 1923-ன் இழப்பீட்டுச் சட்டத்திலும் குரோமிய நோய் இருந்தது. ஆனால் அதைத் தொழில்நோயாகக் கருத ஆறு மாதத் தொடர்ச்சியான வேலையைக் காட்ட வேண்டியிருந்தது. மேஸ்திரியிடம் தினக்கூலி வாங்குகிறவர் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்?

காகிதம் ஒரு பாதி. மறுபாதி சாதி. தமிழகத் தோல் ஷாப்புகளின் ஈர வேலை, அதாவது சுண்ணாம்புத் தொட்டியும் சதை சீவுவதும், பெரும்பாலும் தலித்துகளிடமே விடப்பட்டது. அந்தக் கையில் புண் இருந்தால் அதை யாரும் நோயாகப் பார்ப்பதில்லை, 'தோல் வேலைன்னா அப்படித்தான்' என்று கடந்துவிடுவார்கள். நோயைச் சாதியின் இயல்பாக மாற்றிவிட்டால் அதை எந்தப் பதிவேட்டிலும் எழுத வேண்டியதில்லை என்றே நாங்கள் கருதுகிறோம்.

1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், பல்லாவரத்தை உள்ளடக்கிய அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்துத் தோல் ஆலைகளுக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சுற்றுச்சூழல் வகுப்புகளில் இன்றும் பாடமாக இருக்கும் பெரிய தீர்ப்புதான். ஆனால் அதன் கவலை கெட்டுப்போன நிலமும் நீரும். ஆலைக்குள் நின்றவரின் மூக்கைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அப்போதுதான் ஆலைக்குள் ஆட்களும் இருக்கிறார்கள் என்பது செய்தியானது.

ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. 89-ஆம் பிரிவின் கீழ் பல்லாவரம், குரோம்பேட்டை ஆலைகளிலிருந்து எத்தனை குரோம் புண் அறிவிப்புகள் வந்தன என்று தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். பழைய ஆலை ஆய்வாளர் அறிக்கைகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். பழைய தொழிலாளர்களிடம் பேசும்போது கையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். மூச்சு விடும்போது மூக்கில் விசில் சத்தம் வருகிறதா என்றும் கேளுங்கள்.