நுரையை அடக்கிய வரலாறு

வீட்டுச் சுவருக்குச் சாயம் பூச முற்படுவோர், வாளியில் நீர் ஊற்றிக் கலக்கும்போது மேலே நுரை திரள்வதைக் கண்டிருப்பர். அந்நுரையோடு பூசினால் குமிழ்கள் சுவரிலேயே காய்ந்து உடையும். உடைந்த இடத்தில் ஊசித்துளை நிற்கும். துளை வழியே ஈரம் புகும், அழகு கெடும், பூச்சின் ஆயுளும் குறையும். இச்சிறு குறையை அடக்க மாந்தர் மேற்கொண்ட முயற்சிக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நம் தோட்டப்புறத்துக்கும் ஓர் இடம் உண்டு என்பதைப் பலர் அறியார்.

நுரை நம் முன்னோர் நன்கறிந்த பகையே. மரத்திலிருந்து சேகரித்த இரப்பர்ப் பாலைத் தொட்டியில் ஊற்றி, நீர் சேர்த்து, பார்மிக் அமிலமிட்டு உறைய வைப்பர். மேலே மிதக்கும் நுரையை வழித்தெடுக்காவிட்டால் குமிழ்கள் இரப்பர்த் தகட்டினுள் சிறைப்பட்டுவிடும். புகையூட்டிய தகட்டின் தரம் கண்ணால் பார்த்தே முடிவு செய்யப்படுவது. குமிழ் மிகுந்தால் தரம் இறங்கும், விலையும் இறங்கும். அங்கே நுரையைக் கை வழித்தது. கண்ணுக்குப் புலப்படாத குமிழ்கள் நிறைந்த சாயத்தில் கையால் ஆவது என்ன? அதற்கு நுரையின் இயல்பை அறிய வேண்டியிருந்தது.

எண்ணெய் நீர்ப்பரப்பை ஆளும் ஆற்றலுடையது என்பதை முறையாக ஆராய்ந்தவருள் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் குறிப்பிடத்தக்கவர். இலண்டனை அடுத்த கிளாப்பம் குளத்தில் அவர் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றினார். அஃது ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்பில் விரைந்து பரவி அலைகளை அடக்கியது. இச்செய்தி 1774ஆம் ஆண்டில் அரசவைக் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது.

நூறாண்டுக்குப் பின் இத்துறையை வளர்த்தவர், கல்லூரி வாயிலை மிதிக்காத ஒரு பெண். ஜெர்மனியின் பிரவுன்சுவைக் நகரில் வாழ்ந்த ஆக்னஸ் போக்கல்ஸ் 1862இல் பிறந்தவர். அக்காலத்தில் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெண்களை ஏற்கவில்லை. பெற்றோரைப் பேணி வீட்டுப் பணி செய்தவாறே, அவர் தகரத் தொட்டியும் சிறு தராசும் கொண்டு நீரின் பரப்பு இழுவிசையை அளந்தார். அழுக்கும் எண்ணெயும் அவ்விசையை எவ்வாறு குறைக்கின்றன என்று கண்டார். 1891இல் அவர் எழுதிய மடலை இராலே பிரபு 'நேச்சர்' இதழில் வெளியிடச் செய்தார். பிரவுன்சுவைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது 1932இல்தான். அப்போது அவருக்கு அகவை எழுபது.

நுரை நிலைப்பது எதனால்? தூய நீரில் குமிழ் தோன்றியவுடன் உடையும். சவர்க்காரம் கலந்த நீரிலோ அதன் மூலக்கூறுகள் குமிழ்ப் படலத்தின் இருபுறமும் அணிவகுக்கின்றன. படலம் ஓரிடத்தில் மெலிந்தால் அங்கே இழுவிசை உயர்ந்து, அருகிலுள்ள நீரைத் தன்பால் இழுக்கும். புண் தானே ஆறுவதுபோல் படலம் தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளும்.

சவர்க்காரம் சாயத்துக்குள் புகுந்த கதை நம் மண்ணின் துயரத்தோடு பிணைந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானியர் வசமாயின. உலக இயற்கை இரப்பரில் ஏறத்தாழ 90 விழுக்காடு நேச நாடுகளுக்குக் கிட்டாமற் போயிற்று. இங்கே பால்வெட்டுத் தொழில் முடங்கியது. தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் – பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவருள் மிகப் பலர் திரும்பவே இல்லை. அங்கே அமெரிக்கா செயற்கை இரப்பரைப் பெருமளவில் உண்டாக்க முனைந்தது. பியூட்டடையீன் 75 பங்கு, ஸ்டைரீன் 25 பங்கு, நீர் 180 பங்கு, சவர்க்காரம் 5 பங்கு என்பது அதன் அடிப்படை அளவு. விளைந்தது மரம் தராத பால்!

போர் முடிந்தபின் அவ்வறிவு சுவருக்கு வந்தது. ஸ்டைரீனின் பங்கை உயர்த்திக் கடினமான படலம் தரும் பாலை ஆக்கினர். 1948இல் கிளிட்டன் நிறுவனம் 'ஸ்பிரெட் சாட்டின்' என்னும் நீர்ச்சாயத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1953இல் அக்ரிலிக் பால்மமும் சாயத் தொழிலுக்குக் கிடைத்தது. எண்ணெய்ச் சாயத்தின் கடும் நெடி குறைந்தது. தூரிகையை நீரிலேயே கழுவ முடிந்தது. ஆயினும் துகள்களை ஒட்டாமற் பிரித்துக் காத்த அதே சவர்க்கார வகைப் பொருள்கள், ஆலையில் விரைந்து சுழலும் கலக்கி உள்ளிழுத்த காற்றையும் காத்து நின்றன. நன்மை செய்ய வந்ததே தொல்லையும் தந்தது.

தீர்வு பழைய எண்ணெயிடமே கிடைத்தது. கனிம எண்ணெயோ சிலிக்கோன் எண்ணெயோ நுண்துளியாய்ப் படலத்துள் நுழைகிறது. நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சிலிக்கோன் எண்ணெயினதோ ஏறத்தாழ 21. எனவே துளி படலத்தின் இருபுறத்தையும் தொட்டுப் பரவ, நடுவே படலம் அறுந்துவிடுகிறது. நீரை ஏற்காத சிலிக்கா நுண்துகள்களை எண்ணெயில் சேர்த்தால், அவை முள்போல் படலத்தைத் துளைத்துத் துளி நுழைய வழி செய்கின்றன.

இந்நுரையடக்கி நீரோடு முழுதும் கலந்துவிட்டால் பயனில்லை; சிறிதும் கலவாது நின்றால் தீங்கு. மிகுதியாக இட்டால் எண்ணெய்த்துளி சாயத்தை விலக்கிப் பூச்சில் குழிகளை உண்டாக்கும். ஆகவே ஆயிரம் பங்கு சாயத்துக்குப் பெரும்பாலும் 1 முதல் 5 பங்கே இடுவர். அதிலும் ஒரு பகுதியை வண்ணத்தூளை அரைக்கும்போதும், எஞ்சியதைப் பால்மம் சேர்க்கும்போதும் இடுவது வழக்கம். அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு என்னும் முதுமொழிக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

வரலாறு என்பது மன்னர் போர்களில் மட்டும் அடங்குவதன்று. நம் வகுப்பறைச் சுவரின் வழுவழுப்பிலும் அஃது உறைந்து கிடக்கிறது. அச்சுவரைச் சுட்டி, வீட்டுப் பணிக்கிடையே நீரை அளந்த பெண்ணையும், மரமும் உயிரும் பறிகொடுத்த தோட்ட மக்களையும் மாணாக்கருக்கு எடுத்துரைப்பது ஆசிரியரின் கடமை. அறிவியலை அவ்வழியே கற்கும் மாணவன், தன் குடியின் வரலாற்றையும் உடன் கற்றவனாவான்.