சிப்பி மணிகள் காக்கும் உடன்படிக்கை

எழுத்தில்லா மக்களுக்கு வரலாறும் இல்லை என்று கருதுவோர் உளர். வட அமெரிக்காவின் ஹோடனோஷோனி மக்களைப் பற்றி நாம் படிக்குங்கால், அக்கருத்து எத்துணைப் பொருந்தாதது என்பது விளங்கும்.

'நீண்ட வீட்டு மக்கள்' என்பது அப்பெயரின் பொருள். பிரெஞ்சுக்காரர் இவர்களை இரோக்குவாய் என்றழைத்தனர். இன்றைய நியூயார்க் மாநிலப் பகுதியில் வாழ்ந்த மோஹாக், ஒனைடா, ஒனண்டாகா, கயூகா, செனெக்கா எனும் ஐந்து இனத்தார், பழிக்குப்பழி வாங்கும் போர்களைக் கைவிட்டுப் பேரமைதிச் சட்டத்தின் கீழ் ஒன்றுபட்டனர். படைக்கருவிகளை வெண்பைன் மரத்தின் வேரடியில் புதைத்தனர் என்பது அவர்தம் வாய்மொழி மரபு. பின்னர் 1722-ஆம் ஆண்டளவில் டஸ்கரோரா இனத்தாரும் இணைந்தனர். தலைவரைத் தேர்ந்தெடுப்பதும், நெறி தவறினால் நீக்குவதும் குலத்தாய்மாரின் உரிமை.

இவர்கள் தம் உடன்படிக்கைகளை மணிகளில் பதித்தனர். சங்கின் ஓட்டிலிருந்து வெண்மணியும், தடித்த மட்டியின் ஓட்டிலிருந்து ஊதாமணியும் கடைந்தெடுக்கப்பட்டன. அவற்றை உருவாக்கியோர் நாரகான்செட், பீக்குவாட் முதலிய கடற்கரை மக்கள். அவர்கள் பேசியவை அல்கோங்கியன் மொழிகள். ஹோடனோஷோனி மொழிகளோடு அவற்றிற்கு உறவில்லை. 'வாம்பம்' என்னும் சொல்லே அல்கோங்கியன் சொல்தான். மொழியால் வேறுபட்ட இரு மக்களை அம்மணிகள் இணைத்தன. கோத்த மணிப்பட்டையைக் கையிலேந்தி, அதன் பொருளை அவையில் எடுத்துரைப்பது வழக்கம். ஹையவாதா பட்டையில் நடுவே ஒரு மரமும் இருபுறமும் இவ்விரு சதுரங்களும் உள்ளன. ஐந்தையும் ஒரு வெண்கோடு இணைக்கிறது. ஐந்து இனத்தாரின் ஒற்றுமையே அதன் பொருள்.

1794-இல் கனன்டைகுவா என்னுமிடத்தில் அமெரிக்க அரசு இவர்களோடு உடன்படிக்கை செய்தது. நிலம் அவர்களுடையதே என்றும், அதில் இடையூறு செய்வதில்லை என்றும் அரசு உறுதியளித்தது. ஆயினும் 1965-இல் கின்சுவா அணை கட்டி முடிக்கப்பட்டபோது, செனெக்கா மக்களின் நிலத்தில் ஏறத்தாழ 10,000 ஏக்கர் நீரில் மூழ்கியது. சுமார் 600 பேர் வீடிழந்தனர். முன்னோரின் கல்லறைகளையும் பெயர்த்தெடுக்க வேண்டியதாயிற்று. நீதிமன்றம் சென்றும் அவர்களுக்குப் பயன் கிட்டவில்லை. உறுதிமொழியைக் காகிதத்தில் எழுதியவர்களே அதனை மீறினர்.

மணிப்பட்டைகளும் கைமாறின. அவற்றுள் பல அருங்காட்சியகங்களைச் சென்றடைந்தன. அவை காட்சிப் பொருள்களல்ல, தம் சட்டமும் சான்றும் ஆகும் என்று அம்மக்கள் நெடுங்காலம் வாதாடினர். 1988-இல் கனடாவின் கிராண்ட் ரிவர் பகுதியிலுள்ள ஆறு இனத்தாருக்கு 11 பட்டைகள் திரும்பின. 1989-இல் நியூயார்க் மாநில அருங்காட்சியகம் 12 பட்டைகளை ஒனண்டாகா மக்களிடம் ஒப்படைத்தது. ஹையவாதா பட்டையும் அவற்றுள் ஒன்று.

1794-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அமெரிக்க அரசு இன்றும் ஆண்டுதோறும் அவர்களுக்கு மஸ்லின் துணி வழங்கி வருகிறது. அத்துணியின் விலை சிறிதே. ஆனால் அதனைப் பெறும் ஒவ்வோர் ஆண்டும் உடன்படிக்கை உயிரோடிருக்கிறது என்பதற்கு அரசே சான்று பகர்கிறது. எனவேதான் அம்மக்கள் அதனை மறுப்பதில்லை. நவம்பர் 11 அன்று கனன்டைகுவாவில் கூடி, கொடுத்த வாக்கை அவர்கள் நினைவூட்டியும் வருகின்றனர்.