பாஸ்டன் முற்றுகையும் வெடிமருந்துக் கணக்கும் (1775)

பாஸ்டன் முற்றுகை அமெரிக்க விடுதலைப் போரின் தொடக்கக் கட்டமாகும். 1775 ஏப்ரலில் தொடங்கிய இம்முற்றுகையின்போது, கையிருப்பில் உள்ள வெடிமருந்து எத்தனை முறை சுடப் போதும் என்ற கணக்கு, குடியேற்ற நாட்டுப் படையின் இருப்பையே கேள்விக்குள்ளாக்கியது.

கணக்கிடும் முறை

அக்காலத் துப்பாக்கிகளில் குழலின் வாய்வழியே மருந்தையும் ஈயக் குண்டையும் இட்டுக் கெட்டித்துச் சுடுவர். வெடிமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியவற்றின் கலவை. அதன் எடை கிரெயின் என்னும் அலகில் அளக்கப்பட்டது. 1 பவுண்டு 7,000 கிரெயினுக்குச் சமம். மஸ்கெட் துப்பாக்கியை ஒருமுறை சுட, பற்றவைக்கும் மருந்தையும் சேர்த்து, ஏறத்தாழ 160 கிரெயின் தேவைப்பட்டது. ஆகவே 1 பவுண்டு மருந்தில் 43 முறை சுடலாம். 100 பவுண்டு கொண்ட ஒரு பீப்பாயில் ஏறத்தாழ 4,300 முறை சுடலாம்.

பீரங்கிக்கு இக்கணக்கு பொருந்தாது. குண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மருந்து இடுவது வழக்கம். 24 பவுண்டு குண்டுக்கு 8 பவுண்டு மருந்து வேண்டும். அதே பீப்பாய் அப்பீரங்கிக்கு 12 முறை மட்டுமே போதும். ஈரத்தில் கெடுவதும் நிரப்பும்போது சிந்துவதும் இதில் சேரவில்லை.

பங்கர் குன்றுப் போர்

1775 ஜூன் 17 அன்று நடந்த பங்கர் குன்றுப் போரில் பிரித்தானியரின் முதல் இரண்டு தாக்குதல்களைக் குடியேற்ற நாட்டினர் முறியடித்தனர். மூன்றாவது தாக்குதலின்போது மருந்து தீர்ந்துவிட, அவர்கள் பின்வாங்கினர். பிரித்தானியர் தரப்பில் 1,000 பேருக்கு மேல் இறந்தும் காயமுற்றும் இருந்தபோதிலும் குன்று அவர்கள் வசமாயிற்று.

இருப்புக் கணக்கில் பிழை

ஜூலை 3 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் படைத்தலைமை ஏற்றார். மாசசூசெட்ஸின் வழங்கல் குழு 308 பீப்பாய் மருந்து இருப்பதாகக் கணக்கு அளித்திருந்தது. ஆகஸ்ட் 3 அன்று உண்மை வெளிப்பட்டது. அதுவரை திரட்டப்பட்ட மருந்து முழுவதையும் குழு பட்டியலிட்டிருந்தது, செலவானதைக் கழிக்கவில்லை. அங்கு எஞ்சியவை 40 பீப்பாய்க்கும் குறைவு. அண்டைக் குடியேற்றங்களின் இருப்பையும் சேர்த்தே 9,937 பவுண்டு தேறியது. ஆளுக்கு 9 சுற்றுகளுக்கு மேல் வராது என்று வாஷிங்டன் பேராயத்திற்கு எழுதினார். முழுவதையும் மஸ்கெட்டுக்கே ஒதுக்கினால் கூடுதலான சுற்றுகள் கிடைக்கும். ஆனால் பீரங்கிகளும் இதே இருப்பையே நம்பியிருந்தன.

விளைவுகள்

பற்றாக்குறை எதிரிக்குத் தெரிந்தால் முற்றுகை உடைந்துவிடும் என்பதால் செய்தி மறைக்கப்பட்டது. வீணாகச் சுடுவதைக் கண்டித்து வாஷிங்டன் ஆணை பிறப்பித்தார். அண்டைக் குடியேற்றங்களிடம் மருந்து கோரப்பட்டது. அதே ஆகஸ்டில் பெர்முடாவின் மருந்துக் கிடங்கிலிருந்து ஏறத்தாழ 100 பீப்பாய்கள் இரவோடு இரவாக எடுத்துச் செல்லப்பட்டு அமெரிக்கர் கைக்குச் சென்றன. உள்நாட்டில் வெடியுப்பு உற்பத்தி குறைவு என்பதால் போரின் முதல் ஆண்டுகளில் பெரும்பகுதி மருந்து வெளிநாடுகளிலிருந்தே வந்தது. பிரித்தானியருக்கோ வங்காளம், பீகார் பகுதிகளின் வெடியுப்பு கிழக்கிந்தியக் கம்பெனி வழியாகத் தடையின்றிக் கிடைத்தது.

1776 மார்ச் 17 அன்று பிரித்தானியப் படை பாஸ்டனை விட்டு வெளியேறியது. அதுவரை எதிரே இருந்த படையின் மருந்து இருப்பு எவ்வளவு குறைவு என்பதை அறிந்து அவர்கள் தாக்கவில்லை. கிடங்குக் கணக்கில் சேகரித்ததையும் எஞ்சியதையும் தனித்தனியே காட்டவேண்டியதன் தேவையை இந்நிகழ்வு உணர்த்துகிறது.