ஸ்ரௌவ்வில் குழாய்நீரும் அதன் வன்மையும்

ரொறன்ரோ நகர மையத்திலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது ஸ்ரௌவ்வில். 1804 இல் பென்சில்வேனியாவிலிருந்து வந்து குடியேறிய ஏபிரகாம் ஸ்ரௌவர் என்ற மெனனைற் சமயத்தவரின் பெயரைக் கொண்ட ஊர். அதை உள்ளடக்கிய விச்சேர்ச்-ஸ்ரௌவ்வில் நகராட்சியின் மக்கள்தொகை 2021 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 50,000 ஐ நெருங்கியிருந்தது. ஸ்காபரோ, மார்க்கம் பகுதிகளில் இருந்து புதுவீடு தேடி வடக்கே வந்தவர்களில் நம்மவர்களும் உண்டு. வந்த சில வாரங்களில் அவர்கள் கவனிப்பது கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படை. அடுத்து எழும் கேள்வி: இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?

இக்கேள்விக்கு விடை தேடுமுன் தண்ணீர் வரும் வழியைப் பார்க்கவேண்டும். யோர்க் பிராந்தியத்துக்கு ஒன்ராறியோ ஏரிக்கரை கிடையாது. எனவே ஏரிநீரை அது அயலவர்களான ரொறன்ரோவிடமும் பீல் பிராந்தியத்திடமும் விலைகொடுத்து வாங்குகிறது. ஸ்ரௌவ்வில் ஊருக்குள் இந்த ஏரிநீரும் உள்ளூர்க் கிணறுகளின் நிலத்தடி நீரும் வழங்கப்படுகின்றன. வடக்கே பலன்ரே, முசல்மன்ஸ் லேக் பக்கம் போனால் முற்றிலும் கிணற்று நீர். அதற்கும் அப்பால் பண்ணை வீடுகளில் சொந்தக் கிணறுகள். ஆகவே 'ஸ்ரௌவ்வில் தண்ணீர்' என்று ஒரே தண்ணீர் இல்லை. ஒரு வீட்டுக்குப் பொருந்தும் வன்மை அளவு மற்ற வீட்டுக்குப் பொருந்தாமல் போகலாம்.

வன்மை எங்கிருந்து வருகிறது? ஊருக்கு வடக்கே நீண்டு கிடப்பது ஓக் றிட்ஜஸ் மொறேய்ன். பனியுகத்தின் முடிவில், ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன்னர், உருகிய பனிப்பாறைகள் விட்டுச்சென்ற மணலும் சரளைக்கல்லும் சேர்ந்த மேடு இது. நீளம் சுமார் 160 கிலோமீற்றர். இங்கே விழும் மழையும் பனியும் மண்ணுள் இறங்கி, சரளையில் கலந்திருக்கும் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டு போகின்றன. அப்படிக் கரைந்த கல்சியமும் மக்னீசியமும்தான் வன்மை. இந்த மேட்டைக் கட்டடங்கள் விழுங்கிவிடாமல் காக்க ஒன்ராறியோ அரசு 2001 இல் தனிச்சட்டம் இயற்றியது.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் புதுமை எதுவுமில்லை. குடாநாடே சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் அந்தக் கல் கரைந்து உண்டான வெடிப்புகளின் விளைவுகள். சவர்க்காரம் நுரைக்காத தண்ணீர், அவியாத கடலை, ஆறியதும் மேலே ஆடை கட்டும் தேநீர் எல்லாம் ஊரிலேயே பழகியவைதான். கடலை அவியாததற்குக் காரணம், கல்சியம் அதன் தோலிலுள்ள பெக்ரினோடு சேர்ந்து இறுக்கிவிடுவது.

அளவு என்று பார்த்தால், ரொறன்ரோவின் ஏரிநீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 120 மில்லிகிராம் வன்மை உண்டு. மென்மையாக்கி விற்பவர்களின் கணக்கில் இது 7 கிறெயின். ஒரு கிறெயின் என்பது 17.1 மில்லிகிராம். தென் ஒன்ராறியோவின் நிலத்தடி நீர் பல இடங்களில் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வன்மையானது. கனேடிய சுகாதாரத் திணைக்களம் 80 முதல் 100 வரை நல்லது என்கிறது. 200 க்கு மேல் குறைபாடு, ஆனால் சகிக்கலாம். 500 க்கு மேல் வீட்டுப் பாவனைக்கு உதவாது. கவனிக்கவேண்டியது என்னவென்றால், இவை குழாய்க்கும் துணிக்கும் நாவுக்குமான அளவுகள். உடல்நலத்தின் பேரில் வன்மைக்கு உச்ச வரம்பு எதையும் கனடாவும் வைக்கவில்லை, உலக சுகாதார நிறுவனமும் வைக்கவில்லை. சிறுநீரகக் கல்லுக்கு வன்னீர்தான் காரணம் என்ற நம் நம்பிக்கையை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 1990 களிலிருந்து பரவிய சிறுநீரக நோயில் வன்மையும் புளோரைட்டும் சேர்ந்து பேசப்படுகின்றன என்பது உண்மை. ஆனால் அங்கே காரணம் இதுவென்று இன்னும் முடிவாகவில்லை.

கேத்தில் படைக்கு வினாகிரி போதும், தேசிக்காய்ப் புளியும் போதும். வெந்நீர்த் தாங்கியையும் உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தையும் காக்க மென்மையாக்கி பூட்டுவதிலும் நியாயம் இருக்கிறது. அதனுள்ளிருக்கும் பிசின் மணிகள் கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. 100 மில்லிகிராம் வன்மை நீங்கினால் 46 மில்லிகிராம் சோடியம் நீரில் சேரும். வன்மை 300 ஆக இருந்தால் லீற்றருக்கு ஏறத்தாழ 140 மில்லிகிராம். குடிநீரில் சோடியம் 20 ஐத் தாண்டினாலே மருத்துவ அதிகாரிக்கு அறிவிக்கவேண்டும் என்பது ஒன்ராறியோ விதி. உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இரத்த அழுத்தக்காரர் இல்லாத வீடு நம்மிடையே எத்தனை? சமையலறையின் குளிர்நீர்க் குழாயை மென்மையாக்கியில் சேர்க்காமல் விடும்படி பூட்டுபவரிடம் கேட்டால் செய்து தருவார்.

இந்த வெள்ளைப் படையை வைத்துப் பெரிய வியாபாரமே நடந்தது. வாசலில் வந்து நிற்பவர் இரும்புக் கம்பிகள் கொண்ட கருவியைக் குழாய்நீரில் வைத்து மின்சாரம் செலுத்துவார். தண்ணீர் கபில நிறமாகக் கலங்கும். தான் கொண்டுவந்த சுத்திகரித்த நீரில் வைத்தால் தெளிவாகவே இருக்கும். பார்ப்பவர் பதறிப்போவார். உண்மையில் அந்தக் கலங்கல் கம்பியின் இரும்பு கரைந்து வந்தது. கனிமம் உள்ள நீர் மின்சாரத்தைக் கடத்தும், கனிமமற்ற நீர் கடத்தாது, அவ்வளவுதான். நல்ல நீரூற்று நீரும் இப்படிக் கலங்கும்.

பதற்றத்தில் ஒப்பமிட்ட வாடகை ஒப்பந்தங்கள் பல ஆண்டுகள் நீண்டன. வீட்டை விற்கப் போகும்போதுதான், அந்தக் கருவியின் பேரில் வீட்டு உறுதியிலேயே பிணை பதியப்பட்டிருப்பது பலருக்குத் தெரியவந்தது. அழையாமல் வாசலுக்கு வந்து மென்மையாக்கி, வடிகட்டி முதலியவற்றுக்கு ஒப்பந்தம் எழுதுவதை ஒன்ராறியோ 2018 மார்ச் முதல் தடைசெய்தது. பாவனையாளர் பொருள்களுக்காக உறுதியில் பிணை பதிவதை 2024 யூனில் நிறுத்தியது. நாமே அழைத்து வீட்டில் வைத்து எழுதிய ஒப்பந்தமானாலும் 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் இரத்துச் செய்யலாம்.

அஞ்சவேண்டிய தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. 2000 மே மாதத்தில் ஒன்ராறியோவின் வோக்கர்ரன் என்ற சிற்றூரில் கடும் மழையோடு மாட்டெருவிலிருந்த ஈ. கோலி ஓ157 பக்டீரியா ஆழமற்ற நகரக் கிணறு ஒன்றுக்குள் இறங்கியது. குளோரின் போதவில்லை, அளவுகள் ஒழுங்காகப் பார்க்கப்படாமல் பொய்யாக எழுதப்பட்டிருந்தன. சுமார் 5,000 பேர் வாழ்ந்த ஊரில் 2,300 பேர் நோயுற்றனர், 7 பேர் இறந்தனர். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. நீதிபதி டெனிஸ் ஓ'கொனரின் விசாரணையைத் தொடர்ந்து 2002 இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் வந்தது. இன்று ஸ்ரௌவ்வில் குழாய்நீரை நம்பிக் குடிக்க முடிவது அந்தச் சட்டம் கோரும் இடையறாத சோதனையால். ஆண்டறிக்கைகளை யோர்க் பிராந்தியம் பகிரங்கமாக வெளியிடுகிறது. தங்கள் பகுதி நீரின் விபரத்தை அதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

சொந்தக் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காவல் இல்லை. ஊருக்கு வடக்கே காணியோடு வீடு வாங்குகிறவர்கள் இதை முதலிலேயே அறிந்திருக்க வேண்டும்: சோதிப்பது அவர்களுடைய பொறுப்பு. பொதுச் சுகாதாரப் பணிமனையில் போத்தல் வாங்கி மாதிரி கொடுத்தால் ஈ. கோலியும் கொலிபோமும் உண்டா என்று கட்டணமின்றிப் பார்த்துச் சொல்வார்கள். வசந்தத்தில் பனி உருகிய பின்னும் பெருமழைக்குப் பின்னும் செய்வது நல்லது. நைத்திரேற்று இந்தச் சோதனையில் அடங்காது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீடானால், அதற்கு உரிமம் பெற்ற தனியார் ஆய்வுகூடத்துக்குக் காசு கொடுத்து அனுப்பவேண்டும். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, நீர் வற்றும்போது இன்னும் செறியும்.